டயர் கடைப் பலகையில் எந்த எழுத்து?

கீழக்கரையில் நீங்கள் திறக்கவிருக்கும் டயர் கடையின் பலகையில் டயர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒய் போட்டு எழுதுவதா, ஐ போட்டு எழுதுவதா என்று கேட்டிருந்தீர்கள். டி, ஒய், ஆர், இ என்றே எழுதச் சொல்லுங்கள். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதுவே வழக்கு. ஒய்க்குப் பதிலாக ஐ எழுதுவது அமெரிக்க வழக்கு, ஆகவே அதுவும் பிழையன்று.

பலகை எழுதுபவரின் கணினி அச்சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போடுகிறது என்றால், அதில் மொழி அமெரிக்க ஆங்கிலமாக அமைந்திருக்கக்கூடும். இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு மறைய வேண்டும்.

இச்சொல் ரப்பர் டயருக்கு மிக முந்தியது. மரச் சக்கரத்துக்கு உடுத்திய இரும்பைக் குறிக்க, உடையைச் சுட்டும் அட்டயர் என்ற சொல்லே இப்படிச் சுருங்கியது என்பது அகராதிகள் பெரிதும் ஏற்கும் விளக்கம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்குகிற இரும்புப் பட்டாவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: களைப்படைவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லுக்கு எந்த நாட்டிலும் ஐ மட்டுமே வரும். விளம்பர வாசகத்தில் அச்சொல் வந்தால் அங்கே ஒய் போட்டுவிடாதீர்கள்.