காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டி: கேள்வி பதில்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். காலை ஆறு மணிக்கே எனக்குப் போன் வரும், "அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று. குன்னூரில் இருபது வருடமாகக் கார் வேலை பார்க்கிறேன். கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது? வெறும் டிக் டிக்கா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? மூன்றும் வேறு வேறு கோளாறு.

லவ்டேல்: அண்ணா, பெட்ரோல் கார். பேட்டரிக்கு மூன்று வயது. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கிறது, மத்தியானம் ஒரே அடியில் எடுக்கிறது. கடையில் புது பேட்டரி போடச் சொல்கிறார்கள்.

பொறுங்கள் தம்பி, அளந்து பார்க்காமல் காசு போடாதீர்கள். மின்சாமான் கடையில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன்பே பேட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். அடுத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 13-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் பேட்டரியை சார்ஜ் செய்கிற டைனமோவைப் பாருங்கள், பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

பூஜ்யம் டிகிரியில் பேட்டரியின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி எஞ்சின் கூடுதல் பலம் கேட்கும். அதனால்தான் மத்தியானம் தெரியாத குறை காலையில் தெரிகிறது.

பேட்டரி செலவில்லாமல் சரியாவதும் உண்டு. போன மாதம் ஒரு வண்டி கயிறு கட்டி வந்தது. நெகடிவ் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது; கிளாம்பைக் கையால் திருகினால் சுற்றியது. கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். முதல் அடியில் எடுத்தது. பேட்டரி நெகடிவிலிருந்து போகிற எர்த் ஒயர் எஞ்சினைத் தொடுகிற போல்ட்டையும் அப்படியே பாருங்கள்.

கோவை: சார், குடும்பத்தோடு ஊட்டியில் இருக்கிறோம். டீசல் வண்டி. செல்ஃப் வேகமாக அடிக்கிறது, ஆனால் வெள்ளைப் புகை விட்டு அடங்கிவிடுகிறது. கீழே இந்தத் தொந்தரவே இல்லை.

வேகமாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி நல்லது. வெள்ளைப் புகை, எரியாமல் வெளியே போகிற டீசல். சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல்தான்; ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றுகிற பிளக் அது. டேஷ்போர்டில் சுருள் போல ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது அணையும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். இன்றைக்கு மட்டும் சாவியை ஆன் செய்து, விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து, இன்னொரு தடவை அப்படியே செய்துவிட்டு அடியுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடும். ஊருக்குப் போனதும் நான்கு பிளக்கையும் ஓம் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓம்தான் காட்டும், போனது எதுவும் காட்டாது. நான்கும் நன்றாக இருந்தால் அவற்றுக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைப் பாருங்கள். கோவை வெயிலில் ஒரு பிளக் போனாலும் வண்டி எடுத்துவிடும், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அவரே மறுபடியும்: டீசல் உறைந்திருக்குமோ?

கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும், உண்மைதான். லடாக்குக்கென்று 2019-இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலே கொண்டுவந்தது. ஆனால் உங்கள் வண்டி புகை விடுகிறது. புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

கோத்தகிரி: பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி. நன்றாகச் சுற்றுகிறது, பற்ற மாட்டேன் என்கிறது. சூடான பிறகு எந்தக் குறையும் இல்லை.

கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அது "சூடாக இருக்கிறேன்" என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். ஸ்கேனர் மாட்டி, காலையில் அது காட்டுகிற டிகிரியை வெளிக் குளிரோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால் ஸ்பார்க் பிளக், அப்புறம் பெட்ரோல் பிரஷர்.

கொடைக்கானல்: கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. காலையில் எடுக்க மாட்டேன் என்கிறது.

சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் அடியுங்கள். எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். பெட்ரோல் வாடை தூக்கினால் பிளக் நனைந்துவிட்டது; கழற்றித் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள்.

குன்னூர்: வீடு மேட்டில்தான். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்கிறேன். தப்பா?

தயவுசெய்து வேண்டாம் சார். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு பூஸ்டர் இருக்காது. இரண்டு மூன்று மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகும். நம் ஊர் வளைவில் அது உயிர் விஷயம். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க ஜம்பர் கேபிள் வாங்கிவையுங்கள். முதலில் இரண்டு பாசிடிவ், பிறகு நல்ல வண்டியின் நெகடிவ், கடைசி முனை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி.

டொரொண்டோ: அண்ணை, இங்க மைனஸ் 20. கிரில்லுக்குள்ள ஒரு பிளக் ஒயர் கிடக்கு. என்ன செய்யிறது?

அது பிளாக் ஹீட்டர். கூலண்டைச் சூடாக்கும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு வெளியே பயன்படுத்தத் தகுந்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகிவிட்டால் போதும், டைமர் வைத்தால் இன்னும் வசதி. கையேட்டில் 0டபிள்யூ-20 ஆயில் (குளிரிலும் அதிகம் கெட்டியாகாத ரகம்) என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

லவ்டேல்: அண்ணா, அளந்துவிட்டேன். காலையில் 12.6, அடிக்கும்போது 10.4. ஆனாலும் இழுவைதான்.

பேட்டரி தப்பித்தது. அது கொடுக்கிற பலம் வழியில் எங்கோ தடைபடுகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

லவ்டேல்: 1.5 காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் ஒரே துரு. தேய்த்து இறுக்கினேன். இன்று காலை முதல் அடியிலேயே எடுத்தது!

சந்தோஷம் தம்பி. அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள், பனி ஈரம் மறுபடி பிடிக்காது.