தென் பிரான்சின் கனால் து மிதி கால்வாயில் ஒரு பகல்: படகு ஓட்டப் போகிறவர்களின் கேள்விகள்

லைசென்ஸ் இல்லாமல் நாங்களே ஓட்டலாமா?

ஓட்டலாம். எஞ்சின் 4.5 கிலோவாட்டைத் (6 குதிரைத்திறன்) தாண்டாத நாள்வாடகைப் படகுக்கு பிரான்சில் உரிமம் தேவையில்லை. கிளம்பும் முன் ரிவர்ஸ் போட்டு நிறுத்துவதை மட்டும் இரண்டு முறை செய்து பாருங்கள். படகுக்கு பிரேக் கிடையாது.

ஒரே நாள்தான் இருக்கிறது. எந்தப் பகுதி நல்லது?

கால்வாய் துலூஸிலிருந்து தோ கடற்கழி வரை 240 கி.மீ. அதில் அர்ஜான் லாக்கிலிருந்து (லாக் என்பது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) பெசியே நகரின் பக்கத்து ஃபோன்செரான் லாக் படிக்கட்டு வரை சுமார் 54 கி.மீ. நீளத்துக்கு ஒரு லாக்கும் இல்லை. புதியவர்களுக்கு இதுதான் சரி. இடையிலுள்ள கொலொம்பியே, கப்பஸ்தாங் என்ற இரண்டு ஊர்களில் எங்கே படகு கிடைக்கிறதோ அங்கிருந்து மற்றதற்குப் போய்த் திரும்புங்கள். ஒரு வழிக்குச் சுமார் 12 கி.மீ. வேக வரம்பு மணிக்கு 8 கி.மீ. என்றாலும் 6 என்றே கணக்குப் போடுங்கள். போக வர நான்கு மணி நேரம். வழியில் 1679-இல் குடைந்த மல்பாஸ் சுரங்கம் வரும். உள்ளே ஒரு படகுக்குத்தான் இடம். எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்து, ஹாரன் அடித்து, விளக்கைப் போட்டு நுழையுங்கள். கப்பஸ்தாங் பாலத்தின் வளைவு நடுவில்தான் உயரம், ஓரங்களில் தாழ்வு. நிழற்கூரையை மடக்கிவிட்டு நட்டநடுவே போங்கள்.

படகு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறதே?

ஸ்டீயரிங்கை அதிகம் திருப்புகிறீர்கள். திருப்பியதும் ஒன்றும் நடக்காது. மூன்று, நான்கு விநாடி கழித்துத்தான் மூக்கு திரும்பும். பொறுக்காமல் இன்னும் திருப்பினால் மறுகரைக்குப் போய்விடும். கொஞ்சம் திருப்பி, மூக்கு அசையத் தொடங்கியதுமே நேராக்குங்கள். இன்னொன்று, ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் படகு திரும்பும். பயந்து நியூட்ரலில் போட்டால் ஸ்டீயரிங் வெறும் சக்கரம்தான்.

ஃபோன்செரானைத் தாண்டிப் போக ஆசை. லாக்கில் என்ன செய்யணும்?

ஒரே நாளில் அது வேண்டாம். ஒரு திசைப் படகுகளை மட்டும் குறித்த நேரத்தில் விடுவார்கள், காத்திருப்பிலேயே பொழுது போய்விடும். கரையில் நின்று பார்க்கலாம்: 21 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம், படிப்படியாக முட்டை வடிவத் தொட்டிகள். முதலில் நேர்ச்சுவராகக் கட்டிய லாக் ஒன்று மண்ணின் அழுத்தத்தில் இடிந்ததால்தான் கால்வாயைக் கட்டிய ரிக்கே இந்த வளைவுக்கு மாறினார்.

வேறு லாக்கில் நுழைந்தால் விதி ஒன்றுதான்: கயிற்றை முடிச்சுப் போடாதீர்கள். கரையிலுள்ள இரும்புக் குற்றியைச் சுற்றி, மறுமுனையைக் கையிலேயே வைத்திருங்கள். படகு கீழ்மட்டத்துக்கு இறங்கும்போது தண்ணீர் வடிய வடிய கயிற்றை விட்டுக்கொடுக்கணும். கட்டிவைத்தால் படகு கயிற்றில் தொங்கும், அப்புறம் கயிற்றைக் கத்தியால் அறுக்க வேண்டியதுதான். அப்படி இறங்கும்போது லாக்கின் பின்கதவை ஒட்டியும் நிற்காதீர்கள். அங்கே தண்ணீருக்கடியில் கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். பின்பகுதி அதில் உட்கார்ந்துவிட்டால் படகு மூக்குக் குத்திச் சாயும். படகு மேல்மட்டத்துக்கு ஏறும்போது முன்கயிறுதான் முக்கியம், மதகு திறந்ததும் பாயும் நீர் மூக்கைப் பக்கவாட்டில் இழுக்கும். கை, கால் வைத்துச் சுவரைத் தள்ளவே கூடாது. அதற்குத்தான் பக்கத்தில் ரப்பர் உருளைகள் தொங்குகின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாக் இயங்காது, நீங்களும் சாப்பிடுங்கள்.

சாப்பிட நிறுத்த, மரத்தில் கட்டலாமா?

கூடாது. 2006-லிருந்து கரையோர பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை கொன்றுவருகிறது. பட்டையில் விழும் காயம் வழியாக உள்ளே போகும். கட்டுக்கயிறு உராய்வது அப்படிப்பட்ட காயம்தான். படகிலேயே இரும்பு முளைகளும் சுத்தியலும் இருக்கும். நடைபாதையில் குறுக்கே கயிறு போகாமல் கரையோரமாக, சாய்வாக அடியுங்கள். கரைக்கு மூக்கை முதலில் கொண்டுபோங்கள். பின்பக்கம் போனால் கல்லில் சுக்கான் அடிபடும்.

எஞ்சின் சூடு அலாரம் அடித்தால்?

டீசல் படகென்றால் புகைக்குழாயோடு தண்ணீர் துப்புகிறதா பாருங்கள். துப்பவில்லையென்றால் பெரும்பாலும் தண்ணீர் உறிஞ்சும் வடிகட்டியில் இலை அடைத்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, கரையில் கட்டி, தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறந்து அலசுங்கள். திரும்ப மாட்டியதும் வால்வைத் திறக்க மறந்தால் அதே அலாரம் மறுபடி அடிக்கும்.