சம்பளத்தைக் கூட்டியும் கடையில் பிள்ளைகள் நிற்கவில்லை. எந்த ஊக்கல் கோட்பாடு உதவும்?

யாழ்ப்பாண நகரில் புடவைக்கடை நடத்துவதாகவும், சம்பளத்தைக் கூட்டிய பிறகும் வேலைக்கு வரும் பிள்ளைகள் விலகிப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உயர்தர வணிகக் கல்வியில் படித்த, உணவு முதல் மதிப்பு வரை மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் மாஸ்லோவின் தேவைப் படிநிலை இங்கே உதவுமா என்பது உங்கள் கேள்வி. பல ஆண்டுகள் கடைகளில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாஸ்லோவை ஒதுக்கிவைத்துவிட்டு, வேலையில் நியாயத்தைப் பற்றி எழுதிய உளவியலாளர் அடம்ஸைப் படியுங்கள்.

மாஸ்லோ 1943இல் எழுதியது மனிதத் தேவைகளைப் பற்றிய உளவியல் கட்டுரை. நாம் பரீட்சைக்கு வரைந்த கூம்பகம் அதில் இல்லை, பிற்காலத்தவர் வரைந்தது. ஒரு தேவை முழுதாக நிறைந்த பின்தான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை. வீட்டில் கஷ்டப்படுகிற பிள்ளைக்கும், வாடிக்கையாளர் முன்னால் ஏச்சு வாங்கினால் மனம் வெந்துபோகும்.

சம்பள உயர்வு ஏன் எடுபடவில்லை என்பதற்கு உளவியலாளர் ஹேர்ஸ்பேர்க் ஒரு விளக்கம் தருகிறார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து, 1959இல் அவரும் சகாக்களும் முடிவுகளை வெளியிட்டார்கள். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் ஆகியவை குறைந்தால் வெறுப்பு வரும். சரியாக இருந்தால் வெறுப்பு நீங்கும், அவ்வளவுதான். ஈடுபாடு பிறப்பது பொறுப்பு, பாராட்டு, செய்துமுடித்த நிறைவு ஆகியவற்றிலிருந்து என்றார். ஆனால் அவர் பேசியது மேசையில் இருந்து வேலை செய்தவர்களோடு. நாள் முழுவதும் நிற்கிற பிள்ளைக்கு இடையில் இருக்க ஒரு கதிரைகூடக் கொடுக்காமல் பாராட்டை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

அடம்ஸ் 1963இல் முன்வைத்த சமத்துவக் கோட்பாடுதான் நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. நான் கொடுக்கும் உழைப்புக்கு எனக்குக் கிடைப்பதையும், பக்கத்தில் இருப்பவர் கொடுக்கும் உழைப்புக்கு அவருக்குக் கிடைப்பதையும் மனிதர் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தராசு சாய்ந்தால் சிலர் உழைப்பைக் குறைப்பார்கள், சிலர் கூடுதலாகக் கேட்பார்கள், சிலர் போய்விடுவார்கள். யார் யாருக்கு எவ்வளவு என்பது யாழ்ப்பாணக் கடைகளில் மறைந்து நிற்கிற விஷயமே இல்லை. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: சம்பளத்தை யாருக்குக் கூட்டினீர்கள்? ஆள் கிடைக்கவில்லை என்று புதிதாக வருபவருக்குக் கூட்டிக் கொடுத்து, வருடக்கணக்காகச் சேலைப் பகுதியைத் தாங்குகிறவரைப் பழைய சம்பளத்திலேயே விட்டிருந்தால், அந்த உயர்வே உங்கள் பிரச்சினைக்குக் காரணமாக இருக்கலாம். முதலாளியின் சொந்தக்காரப் பையன் வந்த அன்றே காசு மேசையில் அமர்ந்தால் விளைவு இதைவிடக் கடுமையாக இருக்கும்.

கனடாவில் இருக்கும் மச்சானோடு ஒப்பிடுகிற பிள்ளையை என்ன செய்வது? அந்த ஒப்பீட்டில் எந்தக் கடையும் வெல்லாது. ஆனால் வெளிநாடு போகக் காத்திருப்பவரும் இங்கே ஒரு தொழில் பிடிபடுகிறது என்று கண்டால் மனம் வைத்துச் செய்வார். இருப்புக் கணக்கைப் பொறுப்பாகக் கொடுங்கள். கொழும்புக்குக் கொள்வனவுக்குப் போகும்போது கூட்டிச் சென்று, எந்தத் துணி போகும் என்று அவரிடம் கேளுங்கள். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

தீபாவளிக்கு ஊக்கத்தொகை தருவதென்றால் உளவியலாளர் வுரூம் 1964இல் சொன்னதையும் நினைவில் வையுங்கள். முயன்றால் முடியும், முடித்தால் கிடைக்கும், கிடைப்பது எனக்கு வேண்டியது: மூன்றும் பெருக்கல். ஒன்று பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். "நன்றாகச் செய்தால் பார்த்துச் செய்வோம்" என்ற வாக்கில் இரண்டாவது ஏற்கெனவே பூச்சியம்தான். தொகையையும் இலக்கையும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த சம்பள நாளுக்கு முன் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் நேரே சேர்ந்த ஆண்டு, செய்யும் வேலை, சம்பளம் மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டிய 12 சதவீதம் எல்லோருக்கும் போகிறதா என்பதையும் அதே தாளில் குறியுங்கள். சிலருக்குக் கட்டிச் சிலரை விட்டிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.