கடல் அரித்தால் பழைய ஊர் வெளியே வருமா?

கேள்வி: எங்கள் கரையில் வருடாவருடம் கடல் வீடுகளை எடுத்துக்கொண்டு போகிறது. வெளிநாட்டில் இப்படி அரித்த இடத்தில் ஐயாயிரம் வருடப் பழைய ஊரே வந்ததாமே, நிஜமா? இங்கேயும் வருமா?
- ஒரு வாசகர், நீரோடி, குமரி மாவட்டம்

பதில்: நிஜம்தான். ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில் இருக்கும் ஸ்காரா பிரேதான் அந்த ஊர். 1850-ல் அடித்த புயல் மணல்மேட்டின் புல்லை உரித்துப் போட்டது, அடியில் கல் வீடுகள். அங்கே மரம் அரிது, அதனால் கட்டில், அலமாரி எல்லாமே கல்லில்தான் (நம் ஆசாரிமாருக்கு வேலையே இருந்திருக்காது!). 1920-களில் இன்னொரு புயல் கொஞ்சம் இடித்துவிட்டுப் போக, தடுப்புச்சுவர் கட்டினார்கள், அப்புறம் தொல்லியலாளர் கார்டன் சைல்ட் தோண்டினார், ஆனால் அவர் போட்ட கணக்கைவிட ஊர் மிகப் பழையது, சுமார் கி.மு. 3100 என்பது பின்னால் கார்பன் காலக்கணிப்பில்தான் (பழம்பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பனை அளந்து வயது சொல்வது) தெரிந்தது. திறந்து காட்டிய அதே கடல்தான் இன்றும் அதற்கு எதிரி.

இங்கே? தூத்துக்குடிப் பக்கத் தேரி எனும் செம்மணல் மேடுகளில் கற்காலத்துச் சின்னச் சின்னக் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. 2004 சுனாமி மாமல்லபுரத்தில் மணலை அரித்துச் சில சிற்பங்களைக் காட்டியது, ஆனால் அவை வரலாற்றுக் காலத்தவை, ஸ்காரா பிரே அளவுக்குப் பழையவை இல்லை. உங்கள் கரையிலும் வரலாம், எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பானை ஓடோ செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால் எடுக்காமல், கிடக்கிறபடியே போட்டோ பிடித்து கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். இடத்தைவிட்டு எடுத்தால் அதன் காலத்தைச் சொல்வது கஷ்டம்.