வாத்துக்குஞ்சு கால் மடங்கி உட்கார்ந்தால்

இரண்டு வாரக் குஞ்சுகள் முட்டி வெளியே வளைந்து தத்தித் தத்தி நடக்கின்றன, மக்காச்சோள நொய்யும் தவிடும்தான் தீனி என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது நியாசின் (வைட்டமின் பி3) குறைபாடுதான், கால்சியம் டானிக் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் குஞ்சுக்குச் செரிக்காத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. வாத்துக்குஞ்சுக்கோ ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் வேண்டும், கோழிக்குஞ்சை விட நிறையவே அதிகம்.

இன்றே கால்நடை மருந்துக் கடையில் நியாசின் உள்ள பி காம்ப்ளெக்ஸ் திரவம் வாங்கி (லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், சிலவற்றில் பேருக்குத்தான் இருக்கும்) குடிதண்ணீரில் கலந்து தினமும் புதிதாக வையுங்கள். 4 லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் நியாசின் வருகிற மாதிரி கணக்குப் போட்டால் சரி. தீனியைக் கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டருக்கு (இளங்குஞ்சுகளுக்கான தீவனம்) மாற்றி, கிடைத்தால் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும் ஈஸ்ட்) தூளை ஒரு கப் தீனிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கலக்கலாம். பேக்கரி ஈஸ்ட் வேறு, அது வேண்டாம். கடலைப் புண்ணாக்கு போடுகிறவர் என்றால் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பாருங்கள், பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு வாத்துக்கு ரொம்ப சீக்கிரம் ஏறும்.

அப்புறம் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிட்டுச் சாக்கு போடுங்கள், வழுக்கியே கால் அகன்றுபோகும். ஆரம்பக் கட்டம் என்றால் சில நாட்களிலேயே தேறும். ஒரே கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இது அடிபட்டதாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.