எலக்ட்ரிக் காரின் பிக்கப் நம் ஊர் சாலைக்கு அதிகமா? கேள்வி பதில்

புதுச்சேரியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பல வருஷம் கியர் கார் ஓட்டிவிட்டு, இப்போது எலக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் பலர் பழகிக்கொள்ள வருகிறார்கள். இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே பிக்கப்பைச் சுற்றித்தான் இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர்: அண்ணா, பிஒய்டி கம்பெனியின் சீல் எலக்ட்ரிக் கார் எடுக்கலாம் என்று இருக்கிறேன். தினமும் கடலூர் போய்வர வேண்டும். டாப் மாடலில் 530 குதிரைத் திறன். அது எனக்குத் தேவையா?

தினசரி ஓட்டத்துக்கு அது அதிகம்தான். சமதரையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போக அந்தக் காருக்கு 15 குதிரைத் திறன் இருந்தாலே போதும். மிச்சம் இருப்பதெல்லாம் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிற சில விநாடிகளுக்கு மட்டும். நீங்கள் போகிற வழியில் இந்திரா காந்தி சிலை, மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் என்று நெரிசல் வரிசையாக நிற்கிறது. அப்படி மிதிக்க அங்கே இடமே இல்லை.

ஆனால் என் கவலை மொத்தத் திறனைப் பற்றியது அல்ல. அது வந்து சேரும் விதம்தான் கவலை. பெட்ரோல் இன்ஜின் முதலில் சுற்று ஏற வேண்டும், கியர் மாற வேண்டும், சத்தம் கூட வேண்டும். வேகம் ஏறுவது காதுக்கும் கைக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும். மோட்டார் அப்படி இல்லை. நின்ற இடத்திலேயே முழு டார்க்கையும், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையையும், கொடுக்கும், சத்தமும் இருக்காது. டாப் மாடல் சீல் 3.8 விநாடியில் 100-ஐத் தொடும். 'கொஞ்சம்தான் மிதித்தேன்' என்று நினைத்து மீட்டரைப் பார்த்தால் 70 காட்டும்.

பிரேக் விஷயம் வேறு. எவ்வளவு பவர் இருந்தாலும் காரை நிறுத்துவது டயரும் தார் சாலையும்தான். காய்ந்த சாலையில், நாம் சுதாரிக்கும் 1 விநாடியையும் சேர்த்தால், 60 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறக்குறைய 34 மீட்டர் ஆகும். 80-ல் 54 மீட்டர், 100-ல் 77 மீட்டர். 75 குதிரைத் திறன் டாடா டியாகோ எலக்ட்ரிக் காருக்கும் 530 குதிரைத் திறன் சீலுக்கும் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே வித்தியாசம், சீல் அந்த 100-க்குப் போவதற்கு எடுக்கும் நேரம் மிகவும் குறைவு. எடையும் 2 டன்னுக்கு மேல். கன்னியக்கோயில் பக்கம் சந்திலிருந்து சைக்கிளில் ஒரு கிழவர் திடீரென வந்தால், அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

சீலே வேண்டும் என்றால் நடு மாடலைப் பாருங்கள். பின்பக்கம் ஒரே மோட்டார், 313 குதிரைத் திறன், 100-க்கு 5.9 விநாடி. டாப் மாடலில் உள்ள அதே பெரிய பேட்டரி, ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் அதைவிட அதிகம். அறிமுக விலையில் 7 லட்சத்துக்கு மேல் மிச்சம். என் மனதில் பட்டதைச் சொன்னால், 100-க்கு 8 விநாடி எடுக்கும் கார் ஒன்றே இந்த ஓட்டத்துக்குப் போதும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து: சார், நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டரை ஓவர்டேக் செய்யும்போது பிக்கப் இருந்தால்தானே பாதுகாப்பு?

அது நியாயமான வாதம். எதிர்ப்பக்கத்தில் இருக்கிற நேரம் குறைகிறது. நீங்களும் எதிரே வரும் பஸ்ஸும் தலா 80-ல் வந்தால் விநாடிக்கு 44 மீட்டர் நெருங்குகிறீர்கள். 2 விநாடி மிச்சமானால் ஏறக்குறைய 90 மீட்டர் கூடுதல் இடம் கிடைக்கிறது. இது சின்ன விஷயமல்ல.

ஆனால் நான் பார்த்தவரை, அந்த இடத்தை யாரும் மிச்சமாக விட்டுவைப்பதில்லை. பிக்கப் கூடக் கூட, முன்பு 'வேண்டாம்' என்று காத்திருந்த இடைவெளியிலும் புகத் துணிகிறார்கள். பழைய காரில் எந்த இடைவெளிக்கு ஏறுவீர்களோ அதே இடைவெளிக்கு மட்டும் ஏறுங்கள். அப்போதுதான் அந்த 90 மீட்டர் உங்களுக்குப் பயன்படும். அப்புறம், அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல்லோ உளுந்தோ காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் டயர் ஏறும்போது முழு டார்க் கொடுத்தால் பிடிப்பே இருக்காது.

வில்லியனூரிலிருந்து ஒரு அம்மா: தம்பி, வீட்டுக்காரருக்கு 68 வயது. நாற்பது வருஷமாக கியர் கார்தான். பையன் எலக்ட்ரிக் கார் வாங்கித் தந்திருக்கிறான். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயம் சரியான பயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் தவறு பெரும்பாலும் மெதுவாகப் போகும்போதுதான் நடக்கும். கார் நிறுத்தும் இடத்தில், கேட்டுக்குள் நுழையும்போது, ரிவர்ஸ் எடுக்கும்போது. ரிவர்ஸில் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறோம், கால் தானாக நகர்ந்துவிடுகிறது. பிரேக் என்று நினைத்து மிதிக்கிறோம், கார் பாய்கிறது. பதற்றத்தில் அதே பெடலை இன்னும் அழுத்துகிறோம். 100-க்கு 9 விநாடி எடுக்கும் கார் முழு மிதியில் 1 விநாடிக்குள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகரும். 3.8 விநாடி கார் 3.5 மீட்டருக்கு மேல் நகரும். 2 விநாடி ஆனால் முன்னது 6 மீட்டர், பின்னது 14 மீட்டர், வேகமும் 50-ஐத் தாண்டியிருக்கும். காலைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கிற நேரத்தைத்தான் அதிக பவர் பறித்துவிடுகிறது. கியர் காரில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் துண்டித்துக்கொள்ளும். இதில் அந்தத் தப்பும் வழி இல்லை.

ஜப்பானில் முதியவர்கள் இப்படிச் செய்த விபத்துகள் பெரிய பிரச்சினையாகி, 2028 செப்டம்பரிலிருந்து புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் தவறான மிதியைத் தடுக்கும் கருவி கட்டாயம் என்று விதி கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விதி வரும்வரை பழக்கம்தான் துணை.

முதலில் பவரை அடக்கிக் கொடுக்கும் ஈகோ மோடில் போட்டு அதிலேயே விடுங்கள். இடது காலுக்கு வேலையே கிடையாது, அதை ஓரமாக ஊன்றி வைக்கச் சொல்லுங்கள். கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் நடக்கும். வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, ஆக்சிலரேட்டருக்கு முன்பாதத்தை மட்டும் திருப்ப வேண்டும். ரிவர்ஸ் முழுவதும் கால் பிரேக் மேல்தான், அதை லேசாக விட்டாலே கார் ஊர்ந்து நகர்கிற மாதிரி செட்டிங் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ரீஜெனை, அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே காரின் வேகத்தைக் குறைத்து பேட்டரியை சார்ஜ் செய்வதை, முதல் சில வாரம் குறைவாகவே வையுங்கள். ரீஜென் அதிகமாக இருந்தால் ஆக்சிலரேட்டரை விட்டாலே கார் நின்றுவிடும். அப்புறம் பிரேக் எங்கே இருக்கிறது என்பதையே கால் மறந்துபோகும். காலியான மைதானத்தில் 'பிரேக்' என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர் மிதித்துப் பழகட்டும். ஒருநாளில் வராது. வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைப் பக்கம் மட்டும் எடுத்துப்போக வேண்டாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: 19 வயது மகனுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. எந்தக் காரையும் ஓட்டலாமாமே?

சட்டப்படி ஓட்டலாம். நம் நாட்டில் 37 குதிரைத் திறன் மாருதி 800-ல் பழகி எடுத்த அதே லைசென்ஸில் 500 குதிரைத் திறன் காரையும் எடுக்கலாம். மூன்றாம் நபர் காப்பீட்டில் கூட 65 கிலோவாட்டைத் தாண்டினால் எல்லா எலக்ட்ரிக் காரும் ஒரே பிரிவுதான். 530 குதிரைத் திறன், அதாவது 390 கிலோவாட், சீலும் அதில்தான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள், காரின் எடையில் டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டிய காரை ஓட்டக் கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2024 டிசம்பர் முதல், டன்னுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போனால் தனி லைசென்ஸ். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதுவரை வீட்டுச் சட்டம் நீங்கள்தான். உங்கள் காரில் வேக வரம்போ ரகசிய எண் பூட்டோ இருந்தால் போட்டுவிடுங்கள்.

நெய்வேலியிலிருந்து: பெட்ரோலில் 500 குதிரைத் திறன் கார் ஓடியபோது யாரும் கேட்கவில்லை. எலக்ட்ரிக் என்றதும் ஏன் இந்தப் பயம்?

அந்தக் கார்கள் கோடிக்கணக்கில் விலை. நம் சாலையில் அபூர்வம். 2024-ல் அந்த 530 குதிரைத் திறன் 53 லட்சத்துக்கு வந்துவிட்டது. போகப்போக இன்னும் இறங்கும். எலக்ட்ரிக் கார் மேல் எனக்கு வெறுப்பு இல்லை, நல்ல கார் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தக் கார்களை அதிகம் தயாரிக்கிற சீனாவே இதைப் பற்றி யோசிக்கிறது. கார் ஸ்டார்ட் ஆகும்போது இருக்கும் மோடில் 100-ஐத் தொட 5 விநாடிக்குக் குறையக் கூடாது, அதைவிட வேகமான பிக்கப் வேண்டுமானால் ஓட்டுநரே மோடை மாற்றிக்கொள்ளட்டும் என்று 2025-ல் ஒரு வரைவு வந்தது. அதே வருஷம் ஷாவ்மி நிறுவனம் 1,500 குதிரைத் திறனைத் தாண்டிய தன் எஸ்யூ7 அல்ட்ராவை சாஃப்ட்வேர் மூலம் 900-க்குக் கட்டுப்படுத்தப் பார்த்து, வாங்கியவர்கள் எதிர்த்ததும் பின்வாங்கியது. விற்ற பிறகு குறைப்பது நடக்காது. முதலிலேயே அடக்கமாகக் கொடுப்பதுதான் நடக்கும்.

காலாப்பட்டிலிருந்து: மழையில் சறுக்குமா?

ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், அதாவது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, மோட்டாரில் மிக வேகமாக வேலை செய்யும், இன்ஜினைவிட வேகமாக. அதை அணைக்காதீர்கள். ஆனால் தேங்கிய தண்ணீர் மேல் டயர் மிதக்க ஆரம்பித்துவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈசிஆரில் ஸ்போர்ட் மோடு வேண்டாம்.

பாகூரிலிருந்து: பவர் அதிகமான கார் கரண்ட் அதிகம் குடிக்குமா?

நிதானமாக ஓட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை. அடிக்கடி ஓங்கி மிதித்தால் கரண்டைவிட டயர்தான் சீக்கிரம் போகும். டயர் மாற்றும்போது எடை தாங்கும் குறியீடு பழைய டயரில் உள்ளதைவிடக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் 'சைஸ் ஒன்றுதான் சார்' என்று சொன்னாலும் பக்கவாட்டில் உள்ள எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள்.