செவலைக்கு ஒரு கல்

கேள்வி: கடையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. செவலை என்று ஒரு நாட்டு நாய் எட்டு வருடம் எங்களோடு இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துகிறது என்று சண்டை வந்ததால், போன மாதம் ஒரு நாள் இரவு நான்தான் அதை வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். காலையில் அறுந்த கழுத்துப்பட்டையும், வேலி வரைக்கும் இழுத்துச் சென்ற தடமும்தான் மிச்சம். வனத்துறையினர் வந்து பார்த்து, சிறுத்தை என்றார்கள். புதைக்க உடம்புகூட இல்லை. ஏழு வயது மகனிடம், எங்கேயோ போயிருக்கிறது, வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் சாயங்காலம் அதன் ஈயத் தட்டில் சோறு வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். கறியில் விஷம் தடவி வைப்பேன் என்கிறார் என் கணவர். "நாய்க்குப் போய் யாராவது துக்கம் காப்பார்களா? வேறு குட்டி பிடித்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். கட்டியது என் கை. தூக்கமே வரவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சங்கிலியைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் பிறகு பேசுவோம். முதலில் அந்த ஈயத் தட்டு.

இன்றைக்கே மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சோறு வைக்கும் நேரத்துக்கு முன்பே, வாசற்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். "சிறுத்தை வந்து செவலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. செவலை இறந்துவிட்டது. இனி வராது." இவ்வளவு போதும். சாமியிடம் போயிருக்கிறது, தூங்குகிறது என்றெல்லாம் சுற்றி வளைக்காதீர்கள். செத்தது திரும்பி வராது என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும். அவன் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தடம், இரத்தம் என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஏன் பொய் சொன்னாய் என்று கோபப்படுவான். மன்னிப்புக் கேளுங்கள். சில நாள் இருட்டில் முற்றத்துக்குப் போகப் பயப்படுவான். விளக்கைப் போட்டு, கூடவே போங்கள்.

இனி அந்தச் சங்கிலி. அது உங்கள் கை இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் முயலப்போவதில்லை. நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். கட்டிக் கிடந்த நாயால் ஓட முடியவில்லை. ஆனால் களக்காடு முண்டந்துறைக் காட்டை ஒட்டிய ஊர்களில், பாபநாசம், சிவசைலம் பக்கமெல்லாம், கட்டாமல் விட்ட நாய்களையும் சிறுத்தை கொண்டுபோகிறது. சத்தமில்லாமல் பதுங்கி வந்து தொண்டையைக் கவ்வும் மிருகம் அது. அன்று இரவு உங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து கோழிச் சண்டை ஒன்றுதான். யாராவது கல்லெறிந்துவிடுவார்களோ, சோற்றில் எதையாவது கலந்துவிடுவார்களோ என்றுதானே பயந்திருப்பீர்கள்? காப்பாற்ற நினைத்துக் கட்டிய கை அது. இந்த வருத்தம் உடனே போகாது. ஆனால் செய்த காரியத்தோடு அதன் காரணத்தையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. சண்டையில் இறந்தவனுக்கு நடுகல் வைத்த நாடு இது. நாய்க்கும் வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது; 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். நாய்க்கா துக்கம் என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்த நாயின் பெயர் அழியவில்லை.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் முறை சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதை எடுப்பது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், படையல் இடுவது பெரும்படை, புகழ்ந்து சொல்வது வாழ்த்தல். ஆறையும் உங்கள் அளவில் செய்யலாம். கடனா நதிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லை அவனே தேடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பிடித்த கல்லை ஆற்றிலேயே கழுவி எடுத்து வந்து, அந்த வேப்பமரத்தடியில், சங்கிலி கட்டிய இடத்துக்குக் கீழே நடுங்கள். கழுத்துப்பட்டையைக் கல்லுக்கு அடியில் புதையுங்கள். செவலைக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையுங்கள், கருவாடாக இருந்தாலும் சரிதான்.

கடைசியில் வரும் வாழ்த்தலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் செவலை செய்த ஒரு காரியத்தையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. அம்பாசமுத்திரத்தில் என் தகப்பனாரோடு வயலுக்குப் போய்வந்த கறுப்பு நாய் செத்தபோது, வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு வந்து, கை கால் கழுவி, பேசாமல் சாப்பிட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அதன் பெயரை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கரையைக் கடக்கும்போதெல்லாம் அவர் நடை தளரும். நாங்கள் பிள்ளைகள் யாராவது அந்தப் பெயரை எடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மாமியாரையும் அங்கே கூப்பிடுங்கள். நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றபோது, அப்படியானால் சொர்க்கமே வேண்டாம் என்று நின்ற தருமர் கதை அவருக்குத் தெரியாமல் இருக்காது. எட்டு வருடத்தில் செவலை அவர் கையாலும் சோறு தின்றிருக்கும். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

விஷப் பேச்சை உங்கள் கணவர் இன்றோடு விட வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சிறுத்தையைக் கொல்வது பெரிய குற்றம். அது போக, அந்தக் கறியை முதலில் தின்று சாவது தெருவில் இருக்கும் இன்னொரு வீட்டுச் செவலையாகத்தான் இருக்கும். சிறுத்தை மறுபடியும் வந்தால் வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

குட்டி இப்போது வேண்டாம். மகனாகக் கேட்கட்டும். அதற்கு முன்னால், இரவில் நாயை உள்ளே விட்டுச் சாத்திவைக்கக் கதவும் கூரையும் உள்ள ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் நாயை ராத்திரி வெளியே படுக்க விடுவதே கூடாது. பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள்.

தட்டை என்ன செய்வது என்று மகனையே கேளுங்கள். கல்லுக்கு முன்னால் வைக்கலாம் என்றால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், தவிட்டுக் குருவிகள் வந்து குடிக்கும். அவன் எந்தக் கல்லை எடுத்தான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.